என் பாத்தியில் ஊற்றிய சேகோத் தண்ணீர்

சேக்காளிகளே, நம்ம வயசுக்காரர்கள் நாலு பேர் கூடினால் ரெண்டே பேச்சுதான். ஒன்று சர்க்கரை, இன்னொன்று முட்டிவலி. எனக்கு ரெண்டும் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறுபத்தொன்பது வயசிலும் போர்வெல் போடுகிற ரிக் வண்டிப் பக்கத்தில் நின்று, சத்தத்தை மட்டும் கேட்டு, உள்ளே பாறை ஓடுகிறதா மண் ஓடுகிறதா என்று சொல்கிறவன் நான். ஏழு வண்டி ஓடுகிறது. ரெண்டு ராஜஸ்தானில், ரெண்டு ஒடிசாவில், மிச்சம் இங்கே. திருச்செங்கோட்டில் எந்த டீக்கடையில் என் பேரைச் சொன்னாலும் எழுந்து வந்து வழி காட்டுவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்கும்தான்.

நீங்கள் என்னிடம் திருப்பித் திருப்பிக் கேட்கிற கதை ஒன்று இருக்கிறது. ஆறாம் வகுப்பில் வாத்தியார் அடித்தார், அன்றைக்கே சுவரேறிக் குதித்து லாரியில் தொற்றிக்கொண்டேன், கிளீனர் ஆனேன், டிரைவர் ஆனேன், முதலாளி ஆனேன் என்கிற கதை. எத்தனை கல்யாண மண்டபத்தில் சொல்லியிருப்பேன்! நீங்களும் வயிறு குலுங்கச் சிரிப்பீங்க. "நல்லவேளை, பள்ளிக்கூடம் உன்னையக் கெடுக்காம உட்டுது" என்று நம்ம சைசிங் மில்காரர் முதுகில் தட்டுவார்.

அந்தக் கதைக்கு முன்னால் ஒரு கோடைக்காலம் இருக்கிறது. அதை நான் யாருக்கும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரிக்குக்கூட. போன மாசம் நடந்த ஒரு காரியத்துக்கு அப்புறம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வாயால் சொன்னால் வழக்கம்போல ஜோடித்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்க.

ராசிபுரத்துக்கும் பனமரத்துப்பட்டிக்கும் நடுவில் ஒரு பங்களாத் தோட்டம் உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் ஊர் ஊராக வரி வசூல் பண்ணிக் கட்டிய மிட்டாதார் குடும்பத்துச் சொத்து. கேட்டிலிருந்து வாசல் வரைக்கும் ரெண்டு பக்கமும் புளியமரம். பின்னால் படி வைத்துக் கட்டின கல்கிணறு. ஒவ்வொரு படியும் என் இடுப்பு உயரம் இருக்கும். சுற்றிலும் காடும் வயலுமாகக் கண்ணுக்கெட்டிய தூரம் அவர்கள் நிலம். அங்கே வேலை செய்கிற குடும்பங்களுக்கு ஒரே வரிசையாக ஓட்டு வீடு கட்டிக் கொடுத்திருந்தார்கள். வரிசை வீடு என்போம். அதில் மூன்றாவது வீடு எங்களுடையது. அப்பா தண்ணீர் பாய்ச்சுவார், வேலி கட்டுவார், சருகு கூட்டுவார். சொன்னதைச் செய்வார்.

கிழக்கு வேலிக்கு அந்தப் பக்கம் சேகோ ஆலை. குச்சிக்கிழங்கை அரைத்து ஜவ்வரிசி பண்ணுகிற இடம். அதன் களத்தில் மாவு காய்கிறபோது மத்தியான வெயிலில் பார்க்க முடியாது, கண் கூசும். கிழங்கு கழுவின தண்ணீர் ஒரு வாய்க்காலாக வெளியே ஓடும். அந்த நாற்றத்தை எப்படிச் சொல்வது? புளித்த மோரில் எலி செத்துக் கிடந்த மாதிரி. ஆனால் மாவெடுத்தபின் மிஞ்சுகிற சக்கை இருக்கிறதே, திப்பி, அது மாட்டுக்கு உயிர். பங்களா மாடுகளைப் பார்த்துக்கொண்ட மாட்டுக்காரர் வாரத்துக்கு ரெண்டு தடவை ஆலைக்குப் போய்த் திப்பி வாங்கி வருவார். மண்ணெண்ணெய் டின்னின் வாயை வெட்டி, குறுக்கே கட்டை அடித்துக் கைப்பிடி வைத்த தகர டின் ஒன்றை அதற்கென்றே வைத்திருந்தார். அந்த மாதிரி டின்னை இப்போது எங்கேயும் பார்க்க முடியாது. எங்கள் வரிசையில் அது ஒன்றுதான் இருந்தது.

எனக்குப் பத்து முடிந்து பதினொன்று நடந்த சித்திரையில் பங்களாம்மா மெட்ராஸிலிருந்து வந்து இறங்கினார். வீட்டுக்காரர் தவறிப் போய் ஒரு வருசம் ஆகியிருந்தது. இனிமேல் கோடை முழுக்க இங்கேதான், நிலத்தை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். மூக்குக் கண்ணாடி, வெள்ளைச் சேலை, காலில் ரப்பர் செருப்பு. விடிந்ததும் காட்டுக்குள் நடந்து, அங்கங்கே உட்கார்ந்து மண்ணை எடுத்து முகர்ந்து பார்ப்பார். "அய்யா போன துக்கத்துல அம்மாளுக்கு என்னமோ ஆயிப்போச்சு" என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

வந்த மூன்றாம் நாள் அப்பா புளியஞ்சருகைக் குவித்து நெருப்பு வைத்தார். பங்களாம்மா வேகமாக வந்தார்.

"எதுக்கு இதை எரிக்கிறே?"

"குப்பைங்கம்மா."

"இது நிலம் சாப்பிட வேண்டியது. இன்னொரு தடவை இந்தத் தோட்டத்துல புகையைப் பார்த்தேன்னா, வீட்டைக் காலி பண்ணிட வேண்டியதுதான்."

அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார். "சருகு பத்த வெச்சதுக்கு ஊட்டைக் காலி பண்ணோணுமாம். இனி அடுப்பு மூட்டறதுக்கும் போயிக் கேட்டுட்டு வரோணுமாட்ட இருக்குது." அம்மா சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. அந்த வீட்டை விட்டால் எங்களுக்குப் போக்கிடம் இல்லை என்பது அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே எனக்குத் தெரிந்தது.

அந்த வாரமே வரிசை வீட்டுப் பிள்ளைகள் ஒன்பது பேரையும் பங்களா வாசலுக்குக் கூப்பிட்டனுப்பினார். பள்ளிக்கூடம் லீவு. காலைக் கஞ்சி குடித்துவிட்டுப் போவோம். அவர் நடத்தினது வேற மாதிரி பள்ளிக்கூடம். நாலு கொட்டாங்கச்சியில் நாலு மண் வைத்திருப்பார். கண்ணை மூடி மோந்து பார்த்து எந்த இடத்து மண் என்று சொல்ல வேண்டும். புளியமரத்தடி மண் மழை பெய்த மாதிரி மணக்கும். நடைபாதை மண்ணுக்கு வாசமே இருக்காது. ஆலை வாய்க்கால் ஓரத்து மண்ணைக் கொண்டு வரும்போதே ஒன்பது பேரும் மூக்கைப் பிடித்துக்கொள்வோம்.

வண்டி வண்டியாக ஏரி வண்டல் கொண்டு வந்து கொட்டச் சொன்னார். மண்ணை வெயிலுக்கு அம்மணமாக விடக்கூடாது, எதையாவது போட்டு மூடு என்பார். ஆலைத் தண்ணீர் நிலத்துக்கு விஷம், ஒரு சொட்டு இந்தப் பக்கம் வரக்கூடாது என்பார். மறுநாள் கேள்வி கேட்பார். யார் முதலில் கத்துவது? நான்தான். அவர் சொன்னதை அவர் குரலிலேயே, கண்ணாடியை மூக்கில் இறக்குகிற மாதிரி விரலை வைத்துக்கொண்டு ஒப்பிப்பேன். அவரே சிரித்துவிடுவார். "கெட்டிக்காரன்டா நீ" என்பார். பேச்சில் நான் அப்போதே கெட்டிக்காரன்தான்.

பிறகு கிணற்றடியில் ஆளுக்கு ஒரு பாத்தி அளந்து கொடுத்தார். ஆறடிக்கு ஆறடி. தட்டப்பயறு விதை ஆளுக்கு ஒரு கை. நாளைக்கு ஒரே ஒரு குடம் தண்ணீர், அதற்கு மேல் கிடையாது. எரு, தழை, எதுவானாலும் தோட்டத்துக்குள் கிடைப்பதைத்தான் போட வேண்டும், வெளியிலிருந்து எதுவும் வரக்கூடாது. இத்தனையும் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒன்று சொன்னார்.

"பள்ளிக்கூடம் திறக்கறப்போ யாரோட பாத்தி செழிப்பா நிக்குதோ, அந்தப் பிள்ளையைச் சேலத்துல விடுதியோட இருக்கற பள்ளிக்கூடத்துல ஆறாம் வகுப்பு சேர்த்துவிடுவேன். ஒரே ஒரு இடம்தான்."

எங்கள் ஊரில் அஞ்சாவது வரைக்கும்தான். அதுக்கு மேல் படித்தவர்கள் வரிசை வீட்டில் யாரும் கிடையாது. அன்றைக்குப் பெரியவர்கள் எல்லாம் எங்கள் பாத்தி வரப்பில் நின்றார்கள். "பயறு மொளைச்சா கலெக்டராமா? எனக்கு ரெண்டு படி வெதை குடுங்க, நானும் போறேன்" என்று ஒரு அக்கா கிண்டல் பண்ணினாள். ஆனால் அவளும் தன் தம்பி பாத்திக்குச் சாணி அள்ளிக்கொண்டு வந்தாள்.

ஒன்பது பேரில் அஞ்சாவது முடித்தவர்கள் ரெண்டே பேர். ஒன்று நான். இன்னொன்று மாட்டுக்காரர் மகள்.

அவள் பேசமாட்டாள். பங்களாம்மா கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். "உனக்குத் தெரியலையா?" என்றால் "தெரியுமுங்க" என்பாள். அவ்வளவுதான், அதற்கு மேல் வாய் திறக்காது. ஆனால் ஆறாம் வகுப்புப் புத்தகம் ஒன்றை அட்டை கிழிந்த நிலையில் யாரிடமோ வாங்கி வைத்திருந்தாள். மாட்டுக் கொட்டகைச் சுவர் மாடத்தில் துணி சுற்றி வைத்து, கன்றுக்குட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பாள். நான் ஒரு நாள் எட்டிப் பார்த்து, "கன்னுக்குட்டி பாசாயிருமா?" என்றேன். "உன்னைய விட நல்லாப் படிக்குது" என்றாள், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

பாத்தியில் நாங்கள் எல்லாரும் விதை போட்டுத் தண்ணீர் ஊற்றி முளைக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, அவள் விதையே போடவில்லை. நாலு நாள் காய்ந்த சாணியைப் பொடி பண்ணிக் கலந்தாள். வண்டலைத் தூவினாள். பிறகுதான் விதை. முளை வந்ததும் ஆவாரந்தழை, கடலை உரித்த தொக்கு, சோளத்தட்டை என்று சுற்றிலும் போட்டு மூடினாள். மண்ணே தெரியாது. வெயில் இறங்கினபிறகு கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு ஒவ்வொரு செடியின் அடியிலும் விடுவாள். நான் உச்சி வெயிலில் என் குடத்தை ஒரே சாய்ப்பாகச் சாய்ப்பேன். சூடான மண் 'புஸ்' என்று இழுக்கும். அந்தச் சத்தத்தில் எனக்கு ஒரு சந்தோஷம்.

"ஏ புள்ள, பாத்திக்குப் போர்வை போத்தறயா? குளுருதாமா?" என்றேன்.

"உன்ற பாத்தி வாயைப் பொளந்துட்டு நிக்குது. உன்னையாட்டவே" என்றாள்.

உண்மைதான். வைகாசி பாதி ஆனபோது என் பாத்தி விரல் போகிற அளவுக்கு வெடித்திருந்தது. செடிகள் மத்தியானமானால் தலையைத் தொங்கப் போட்டன. அவள் பாத்தியில் கொடி தரையே தெரியாமல் பரவி, பூவும் வந்துவிட்டது. சேலத்துப் பள்ளிக்கூடம் என் கையை விட்டுப் போகிறது என்று தெரிந்துபோனது. படிப்பு ஆசை என்று நினைக்காதீங்க. அவளிடம் தோற்கக்கூடாது, அவ்வளவுதான்.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. மாடு திப்பியைத் தின்றுதானே கொழுக்கிறது? அந்தக் கிழங்கைக் கழுவின தண்ணீரில் எவ்வளவு சத்து இருக்கும்? கிழங்குக் கஞ்சி மாதிரிதானே? 'ஆலைத் தண்ணீர் நிலத்துக்கு விஷம்' என்று அதே வாரம் எல்லாரையும் விடச் சத்தமாக ஒப்பித்தவன் நான். வாய் ஒப்பித்தது, மண்டைக்குள் போகவில்லை. பங்களாம்மாவுக்கும் ஆலைக்காரருக்கும் வாய்க்கால் தகராறு, அந்தக் கோபத்தில் சொல்கிறார் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டதுதான் மண்டையில் இருந்தது.

எங்கள் வீட்டுக் குடத்தை எடுத்தால் அம்மா கேட்பாள். கொட்டகைக்குப் போனேன்.

"அந்த டின்னைக் குடு புள்ள. தழை அள்ளோணும்."

அவள் உடனே எடுத்துக் கொடுத்தாள். "திப்பி வாடை அடிக்கும். கழுவிட்டு அள்ளு" என்றாள்.

உச்சிப்பொழுது. தோட்டமே படுத்துக் கிடந்தது. வேலிக்கு அடியில் நுழைந்து மூன்று நடை போனேன். தண்ணீர் சுண்ணாம்பு கரைத்த மாதிரி வெள்ளையாக, கைக்கு வெதுவெதுப்பாக, மேலே நுரை மிதந்துகொண்டு இருந்தது. மூன்றாவது நடையில் கிணற்று மேட்டில் யாரோ தலைப்பாகை கட்டின ஆள் நின்ற மாதிரி இருந்தது. மறுபடி பார்த்தேன், இல்லை. நாளைக்கு இன்னும் ரெண்டு நடை ஊற்றலாம் என்று டின்னை என் பாத்திப் பக்கத்திலேயே சருகுக்குள் செருகி வைத்தேன்.

மறுநாளே இலை மஞ்சள் பூத்தது. மூன்றாம் நாள் காலையில் செடி எல்லாம் வெந்த கீரையாகக் கிடந்தது. மண் மேல் வெள்ளையாக ஆடை. ஈ மொய்த்தது. மண்புழுக்கள் மேலே வந்து செத்துச் சுருண்டிருந்தன. நான் டின்னை எடுத்து ஒளிக்கலாம் என்று போவதற்குள் பங்களாம்மா அங்கே நின்றுகொண்டிருந்தார்.

மண்டி போட்டு ஒரு கை மண்ணை எடுத்து முகர்ந்தார். அவர் முகம் போன போக்கை இன்றைக்கும் மறக்கவில்லை. வரிசை வீட்டுக்காரர்கள் எல்லாரையும் வரச் சொன்னார். அப்பா மண்வெட்டியைத் தோளில் வைத்தபடியே வந்து நின்றார்.

"ஆலைத் தண்ணியைக் கொண்டுவந்து என் நிலத்துல ஊத்தினது யாரு? அந்தக் குடும்பம் இனிமே இங்க இருக்காது."

பங்களாம்மா சருகைக் காலால் தள்ளினார். டின் உருண்டு வந்தது. "இது யாரோடது?"

மாட்டுக்காரர் முன்னால் வந்தார். "என்றதுங்கம்மா."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே ஒரு தடவை புகைக்காக எச்சரிக்கை வாங்கின மனுசன். என் வாய் தானாகத் திறந்தது.

"முந்தாநேத்து மத்தியானம் அவ இங்க நின்னுட்டிருந்தாங்கம்மா. டின்னு வெச்சிருந்தா."

மாட்டுக்காரர் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அம்மா, நான் அவனுக்கு டின்னு குடுத்தனுங்க. தழை அள்ளோணும்னு கேட்டானுங்க" என்றாள். அந்தக் கோடை முழுக்க அவள் பங்களாம்மாவிடம் பேசினதில் அதுதான் நீளமான பேச்சு.

"எனக்கெதுக்குங்க டின்னு?" என்றேன் நான். "என்ற பாத்தியை நானே கெடுப்பனாங்க? ஆலைத் தண்ணி வெசம்னு எனக்குத் தெரியாதாங்க?"

பாருங்க, எப்படிப் பேசியிருக்கிறேன் என்று! பதினொரு வயசில்! அதற்கு மேல் யாருக்கு என்ன சந்தேகம் வரும்? தன் பயிரைத் தானே கொல்லுகிற முட்டாள் உண்டா? இருந்தான். அங்கேயே நின்றுகொண்டிருந்தான். ஆனால் அவன்தான் வகுப்பிலேயே கெட்டிக்காரன் ஆயிற்றே.

பங்களாம்மா என் தலையில் கை வைத்தார். "பாடத்தை இவ்வளவு நல்லாப் புரிஞ்சுக்கிட்ட பையன் இவன்தான். பொறாமையில அவன் பாத்தியை அழிச்சிருக்கா" என்றார். மாட்டுக்காரர் எல்லார் முன்னாலும் மகளை அறைந்தார். பிறகு காலில் விழுந்தார். மாடுகள் அவர் சொன்னால்தான் கேட்கும், அதனால் குடும்பம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஆனால் அவளுக்கு இனி வகுப்பு இல்லை. சேலத்து இடம் எனக்கு.

இப்போது யோசித்தால் ஒன்றுதான் மனசில் உறுத்துகிறது. என் பாத்தியிலிருந்து நாலு அடி தள்ளி அவள் பாத்தி பச்சைப்பசேல் என்று நின்றது. மண்ணை மோந்து பார், மண் பொய் சொல்லாது என்று ஒன்றரை மாசம் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த அம்மாள், அந்தத் தழைக்கு அடியில் ஒரு தடவை கை விட்டுப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. அப்படி ஒரு பாத்தி வைத்திருக்கிற பிள்ளைக்கு எதற்குப் பொறாமை வரவேண்டும் என்று கேட்கவும் இல்லை. நான் பேசினேன், அவர் கேட்டார்.

அன்றைக்குப் பொழுதிறங்கினபோதும் அவள் வந்து தன் செடிகளுக்குக் கொட்டாங்கச்சியால் தண்ணீர் விட்டாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

ஆனி பிறந்தது. பச்சைத் தகரப் பெட்டி, ரெண்டு காக்கி டிரவுசர், ரெண்டு வெள்ளைச் சட்டை, எல்லாம் பங்களாச் செலவு. பஸ்ஸுக்கு அப்பா பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். பஸ் கண்ணுக்குத் தெரிந்தபிறகு சொன்னார்: "அந்தப் புள்ள பேச்சை எங்கயும் எடுக்காத சாமி. அன்னைக்கு நான் கெணத்து மேட்டுலதான் நின்னுட்டிருந்தேன்."

அவர் பெட்டியை பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளுக்குப் படிப்பு, எங்களுக்குத் தெரு. எதை எடுப்பார்? அவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கப்புறம் அவர் மாட்டுக்காரரோடு சேர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அடுத்தது நீங்கள் கேட்டுக் கேட்டுச் சிரித்த கதை. அதில் பாதி பொய். எந்த வாத்தியாரும் என்னை அடிக்கவில்லை. அங்கே எல்லாவற்றையும் தாளில் எழுதச் சொன்னார்கள், வாயால் சொன்னால் செல்லாது. எனக்கு எழுத வரவில்லை. பக்கத்துப் பையன்கள் சிரித்தார்கள். ஆள் குரலில் பேசிக் காட்டினேன், அதற்கும் ரெண்டு நாள் சிரித்துவிட்டு அலுத்துப்போனார்கள். நாற்பதாவது நாள் சுவரேறினேன். அயோத்தியாப்பட்டணத்தில் நின்ற ஒரு லாரி என்னை ஏற்றிக்கொண்டது. இது மட்டும் நிஜம்.

பள்ளிக்கூடத்திலிருந்து அப்பாவுக்குக் கடிதம் போனது. அவர் தபால்காரரைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாராம். யாரிடமும் மூச்சு விடவில்லை. விட்டால் பழைய கதை கிளறும் என்று பயம். பங்களாம்மா மெட்ராஸுக்குப் போய்விட்டார். அந்த வருசத்துக்கு எனக்குக் கட்ட வேண்டியதை எல்லாம் முன்னாலேயே கட்டியிருந்தார். அடுத்த கோடையில் அவருக்கு உடம்பு சரியில்லை, வரவே இல்லை.

தீபாவளிக்கு நான் லாரியிலிருந்து இறங்கி, அதே காக்கி டிரவுசரைத் துவைத்துப் போட்டுக்கொண்டு ஊருக்குப் போனேன். அப்பாவும் நானும் பேசி வைத்துக்கொள்ளாமலே நாடகம் போட்டோம். வழியில் சேகோ ஆலை விட்டுப் பெண்கள் வந்தார்கள். கூட்டத்தில் அவளும் இருந்தாள். கிழங்குத் தோல் உரிக்கிற வேலைக்குப் போட்டுவிட்டார்கள். விரல் எல்லாம் கிழங்குப் பால் பட்டுக் கறுத்து, நகக்கண் வெடித்திருந்தது. நின்று கேட்டாள். "பாடமெல்லாம் கஷ்டமா?"

"எனக்கென்ன கஷ்டம்? நான்தான் மொத மார்க்கு" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

அதோடு அறுபது வருசத்துக்குக் கொஞ்சம் குறைவு. பங்களாம்மா போய்விட்டார், அப்பா போய்விட்டார், மாட்டுக்காரர் போய்விட்டார். உண்மை தெரிந்தவன் நான் ஒருத்தன் மிச்சம் என்று நினைத்திருந்தேன்.

இந்தக் கோடையில் பங்களாம்மாவின் பேரன் கூப்பிட்டார். பங்களாவைப் பழுதுபார்த்து, பட்டணத்துப் பிள்ளைகளை லீவில் கூட்டிவந்து தழை பரப்பி மூடாக்குப் போடவும் மண் பார்க்கவும் சொல்லித் தருகிறார். நான் ஒரு கல்யாணத்தில் அவரிடம், உங்க பாட்டியம்மா நடத்தின முதல் வகுப்புக்கே நான்தான் மாணவன் என்று அளந்துவிட்டிருந்தேன். வந்து நாலு வார்த்தை பேசுங்க என்றார். விடுவேனா? வேட்டி மடிப்புக் கலையாமல் காரில் போய் இறங்கினேன். புளியமரத்தில் குழாய் கட்டி மைக் வைத்திருந்தார்கள். பேசினேன். சேலத்தில் பெரிய பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்ததையும், அதை உதறித் தள்ளிவிட்டு நாற்பதே நாளில் சுவரேறிக் குதித்ததையும், ஏழு வண்டி வாங்கினதையும் சொன்னேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். பேரனே விழுந்து விழுந்து சிரித்தார்.

காருக்குத் திரும்பி நடந்தேன். பாத்தியோரம் களையெடுத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒரு கிழவி எழுந்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"ஏனுங்க, மைக்குல பேசுனது நீங்கதானுங்க? எங்க வரிசை ஊட்டுல மூணாவது ஊடு?"

குரலை வைத்துத்தான் தெரிந்தது. "அம்மிணி, நீயா?" என்றேன். "நல்லா இருக்கியா? பேரன் பேத்தி படிக்குதா? யாரு படிப்புக்கு என்ன வேணும்னாலும் நான்..."

"எல்லாம் படிச்சு முடிச்சாச்சுங்க. மக டீச்சரு. பேத்தி வேலைக்குப் போறா. நான்தான் ஊட்டுல சும்மா இருக்க மாட்டாம இங்க வந்துட்டிருக்கறேன்." அவள் அந்த டின்னைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். திட்டுவாள் என்றும் காத்திருந்தேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

அவள் வேறொன்று கேட்டாள். "நாப்பது நாள்ல ஓடியாந்துட்டேன்னு சொன்னீங்களே. அது சிரிக்கறதுக்குச் சொன்னதா, நெசமாங்க?"

"நெசந்தான்."

"தீவாளிக்கு வந்தப்ப, மொத மார்க்குன்னீங்க."

"பொய் சொன்னேன் அம்மிணி. அன்னைக்கும் பொய், அதுக்கு முந்தி பாத்திக்கிட்ட நின்னு சொன்னதும் பொய். தண்ணி ஊத்துனது நான்தான்."

"அது எனக்குத் தெரியுமுங்களே" என்றாள், அதை ஒரு பேச்சாகவே எடுத்துக்கொள்ளாமல். அவள் யோசனை வேறெங்கோ இருந்தது. விரல்களை மடக்கி மாசத்தை எண்ணுகிற மாதிரி இருந்தது. "அப்ப ஆடியிலேயே வந்துட்டீங்க. அந்த வருசம் பூராவும் அந்த எடம் காலியாவா கெடந்துச்சு?"

ரெண்டு மணி நேரம் நிறுத்தாமல் பேசுகிறவன் நான். என் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை வந்தது. "ஆமாம்."

அவள் புளியமரத்துப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கவில்லை. கோபமும் இல்லை.

"எனக்குத் தெரியாமப் போச்சுங்களே" என்றாள். "நீங்க படிச்சிட்டிருக்கறீங்கன்னு இருந்துட்டேன். காலியாக் கெடக்குதுன்னு ஒரு வார்த்தை யாராச்சும் சொல்லியிருந்தா, எங்கப்பன் கையைப் புடிச்சு இழுத்துட்டு, மெட்ராசுக்கே போயி இன்னொருக்கா கேட்டிருப்பனுங்களே."